நிறம் திரும்பும் வரை

பியூலா டீச்சரை அடக்கம் செய்து பதினோரு நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பேர்ணாம்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் எப்போதோ மூடப்பட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி அறையில், மெடிக்கல் ஷாப் மும்தாஜ் மூக்குக்கண்ணாடி உறை செய்வதற்காக ஒரு துண்டுத் தோலைத் தண்ணீரில் முக்கி மேஜைமேல் விரித்துவைத்தபோது, தோலின் மேல்பக்கத்தில் எழுத்துகள் மெல்ல எழும்பின. வலது பக்கம் சாய்ந்த எழுத்து, ‘ழ’வின் வாலைத் தேவைக்கு மேல் இழுத்து மடக்கும் எழுத்து, இருபத்தெட்டு வருஷம் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளில் சிவப்பு மையில் விழுந்த அதே எழுத்து. ‘மும்தாஜ், தண்ணி அதிகம். தோலோட நிறம் திரும்பற வரைக்கும் பொறு. அப்புறம் கை வை’ என்று இருந்தது.

மும்தாஜ் படித்தாள். பக்கத்து மேஜையில் இருந்த பல் டாக்டர் வசீகரனுக்குக் காட்டினாள். அவர் ஜன்னலோரம் நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர் கோதண்டத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் மூன்று தடவை படித்த பிறகு, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மும்தாஜ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் ஈரத்தின் கருமை விலகித் தோல் மறுபடியும் தேன் நிறத்துக்கு வந்தது, எழுத்துகள் வந்தது போலவே உள்ளே அமிழ்ந்தன, அவள் அச்சு உளியை வைத்துத் தட்டினாள், பூ அத்தனை துலக்கமாக விழுந்தது. அன்றைக்கு அவர்கள் வழக்கம்போலப் பன்னிரண்டரைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த அறையில் கூடியவர்கள் யாருக்கும் தோல் பிழைப்பு இல்லை. ஊரில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்து, குளித்தும் போகாத வாடையோடு சோற்றில் கை வைக்கிறவர்கள். அந்த ஊரில் ஆசைக்காக மட்டும் தோலைத் தொட்ட ஏழெட்டுப் பேரை, ரிட்டயர் ஆன வருஷத்தில் டீச்சர்தான் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்தார். வாராவாரம் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் அவர் யோசனை எழுதிவைப்பார். மழுங்கின கத்திதான் கையை வெட்டும், தீட்டின கத்தி தோலை மட்டும் வெட்டும் என்று ஒரு வாரம். தையல் எவ்வளவு நீளமோ அதைப் போல் நாலு மடங்கு நூல் எடு, பாதியில் தீர்ந்துபோய்த் திருதிருவென்று விழிக்காதே என்று ஒரு வாரம். முதலில் செய்கிற பை கோணலாகத்தான் வரும், வெட்கப்பட்டு யாருக்காவது தள்ளிவிடாதே, நீயே வைத்துக்கொள் என்று இன்னொரு வாரம். கூட்டத்தில் இருந்த எல்லார் வீட்டிலும் ஒரு கோணல் பை இருந்தது.

இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த மாடிப்படி ஏறாதவர் டீச்சரின் கணவர் எபினேசர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பத்தின் கீழே நின்று மேலே ஏறியவனை அதட்டி அதட்டியே குரல் தடித்துப்போனவர். ஊரே தோலில் கிடக்கிறது, அதை வீட்டுக்குள்ளேயும் கொண்டுவர வேண்டுமா என்று அவர் கேட்டபோது டீச்சர் தன் வேலை மேஜையைத் தூக்கிப் பின்கட்டில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் முன்னறையில் டிவியும் பின்கட்டில் சுத்தியல் சத்தமுமாக அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மகள் ஷீபா ஓசூரில் குடும்பமாக இருந்தாள். அம்மா போன பிறகு அப்பாவைக் கூடவே வரச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் மின்விசிறியைக் காட்டி, இதைச் சரிபண்ணிவிட்டு வருகிறேன் என்றார். மின்விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மும்தாஜ் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார், தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருந்ததா என்று. இல்லை சார், தண்ணீரைப் பற்றித்தான் என்றாள் மும்தாஜ். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வசீகரனின் தோலில் எழுத்து வந்தது, ஊசியை நேராகக் குத்தச் சொல்லி. கோதண்டத்தின் தோலில் வந்தது, பசையை வாரிப் பூசாதே என்று. ஒரே வாரத்தில் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சபைக் கமிட்டி கூடி, இறந்தவர்கள் எழுதலாமா கூடாதா என்று இரண்டு மணி நேரம் பேசியது. போதகர் கடைசியில், எழுதியதில் பாவமான வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று கேட்க, நூலுக்கு மெழுகு தடவச் சொல்வதில் பாவம் ஒன்றும் இல்லை என்று முடிவாகி, தேநீர் குடித்துக் கலைந்தார்கள். மசூதித் தெருப் பெரியவர்கள், நல்ல யோசனையை யாரிடமிருந்தும் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் தோலிடம் வேறு எதையும் கேட்கப் போகாதீர்கள் என்றார்கள். கேட்கப் போனவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். பெண்ணுக்கு வரன் அமையுமா என்று கேட்டவரிடம் ஓட்டைகளை அளந்து குத்தச் சொன்னது. வளைகுடா நாட்டுக்குப் போய் நாலு வருஷமாகத் தகவல் இல்லாத மகனைப் பற்றி ஒரு தாய் தோலை நனைத்து வைத்துக்கொண்டு கேட்டபோது, ‘ஓரத்தை இன்னும் கொஞ்சம் சீவும்மா’ என்று மட்டும் எழும்பியது. அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அழுதுகொண்டே ஓரத்தைச் சீவினாள், சீவின ஓரத்தை ஈரத்துணியால் தேய்த்தாள், அந்தச் சுருக்குப்பை ஊரில் அந்த வருஷம் செய்ததிலேயே அழகான பையாக வந்தது. ஷூ கம்பெனி மேனேஜர் ஒருவர் ஒரு முழுத்தோலைக் காரில் கொண்டுவந்து நனைத்தார். ‘இது மெஷின் வேலை. எனக்குத் தெரியாது’ என்று பதில் வந்தது, அவரும் நியாயம்தான் என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

எழுத்து நிற்கிற நேரம் கொஞ்சம்தான். ஈரம் வற்ற ஆரம்பிக்கும்போது எழும்பும், நன்றாக வற்றியதும் அமிழ்ந்துவிடும். போனில் படம் எடுத்தவர்களுக்கு வெறும் ஈரத்தோல் மட்டும் கிடைத்தது. அதனால் படிக்க வேண்டுமென்றால் செய்ய வேண்டியிருந்தது, செய்கிறவர்கள் பெருகினார்கள், மாடி அறை போதாமல் பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்தார்கள். தோல் ஷாப்பில் ஆறு நாளும் தோலை மிதித்தவர்கள் ஏழாம் நாள் ஆசைக்குத் தோலைத் தேடி வந்தார்கள், அவர்களுக்கே அது சிரிப்பாக இருந்தது. ஐந்து மாதத்தில் கோயில் சாவிக்கு உறை, சலூன் கத்திக்கு உறை, ஆட்டுக்குட்டிக்குக் கழுத்துப்பட்டை, வேதப்புத்தகத்துக்கும் குர்ஆனுக்கும் ஒரே அளவில் மேலட்டை என்று ஊரில் உறை இல்லாத பொருளே இல்லை என்றாகிவிட்டது.

எழுத்து வரத் தொடங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே எபினேசர் மாடிப்படி ஏறியிருந்தார். உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மும்தாஜிடம் ஒரு துண்டுத் தோல் கேட்டார். கத்தியை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் மின்கம்பி வெட்டுகிற வேகத்தில் வெட்டினார், கோணிக்கொண்டு போயிற்று. அதை நனைத்து முன்னால் வைத்துக்கொண்டு முட்டியைப் பிடித்தபடி காத்திருந்தார். எழுத்து வந்தது. ‘இங்க பாருங்க, கத்தியை உங்க பக்கமா இழுக்காதீங்க. கை போயிடும்.’

கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் தோலிலெல்லாம் பேர் சொல்லித்தான் தொடங்கும். முப்பத்துநாலு வருஷத்தில் டீச்சர் அவர் பேரைச் சொன்னதில்லை. சமையலறையிலிருந்து, பின்கட்டிலிருந்து, சந்தையில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, ‘இங்க பாருங்க’ என்றுதான் கூப்பிடுவார், நூறு பேர் இருந்தாலும் அவர் மட்டும்தான் திரும்புவார். எழுத்து முழுக்க அமிழ்ந்து தோல் வெறும் தோலாக ஆகும்வரை அவர் அசையவில்லை. யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. அன்றைக்குக் கூட்டம் சீக்கிரமே கலைந்தது.

மறுநாள் அவர் பின்கட்டு மேஜையைத் தூக்கி முன்னறையில் டிவி இருந்த இடத்தில் போட்டார். தினமும் ஒரு துண்டு, சில நாள் இரண்டு துண்டு. ‘இங்க பாருங்க, முதுகுப் பக்கத்துத் தோலைப் பட்டைக்கு எடுங்க, வயித்துப் பக்கம் இழுத்துக்கும்.’ ‘இங்க பாருங்க, வெயில்ல வைக்காதீங்க, நிழல்ல காயட்டும், அவசரம் ஒண்ணும் இல்லை.’ அவசரம் ஒண்ணும் இல்லை என்பதை அவர் அந்த மத்தியானம் முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அது தோலுக்குச் சொன்னதா தனக்குச் சொன்னதா என்று ஷீபாவிடம் போனில் கேட்டார். 

அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. டீச்சர் போன அன்று மத்தியானம் பின்கட்டிலிருந்து கூப்பிட்டார், இதைக் கொஞ்சம் பிடிங்க என்று. வரேன் என்றார் எபினேசர். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு விளம்பரம், அதற்குப் பிறகு மறுபடியும் செய்தி. சுத்தியல் சத்தம் கேட்காததைக் கவனித்து அவர் போனபோது டீச்சர் மேஜைமேல் சாய்ந்திருந்தார், ஊசி விரலிடுக்கில் அப்படியே இருந்தது. எதைப் பிடிக்கச் சொன்னார் என்று அவருக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொள்கிற மாதிரி எதுவும் மேஜையில் இல்லை. ஒரு நாள் கதவைத் தாழ்போட்டுவிட்டு, நனைந்த தோலுக்கு நேராகக் குனிந்து அதைக் கேட்டார். எழுத்து வந்தது, ‘இங்க பாருங்க, நூலை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுங்க’ என்று. மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். தோல் தோலைப் பற்றி மட்டும்தான் பேசியது.

ஐப்பசி பிறந்தபோது டாக்டர் வசீகரன் ஒரு கைப்பை செய்தார். தோலை நனைத்துவைத்தார், நிறம் திரும்பியது, ஒன்றும் எழும்பவில்லை. மறுபடி நனைத்தார், அப்போதும் இல்லை. அன்று கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள், பை அப்படி வந்திருந்தது, சொல்வதற்கு டீச்சருக்கு ஒன்றுமில்லை. டாக்டரும் சிரித்தார். சிரித்தவர் கழுவுகிற சாக்கில் பின்பக்கக் குழாயடிக்குப் போய், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அடுத்து மும்தாஜுக்கு நின்றது, அடுத்துக் கோதண்டத்துக்கு. புதிதாக வருகிறவர்களுக்காவது எழும்பும் என்று பார்த்தால் அதுவும் குறைந்தது, ஏனென்றால் வந்தவன் கத்தியை எடுக்கும்போதே பக்கத்தில் இருந்த நாலு பேர், அப்படிப் பிடிக்காதே இப்படிப் பிடி என்று சொல்லிவிட்டார்கள். தோல் நனைவதற்குள் தவறு திருந்திவிட்டது. மார்கழிக்குள் ஊரில் எழுத்து வருகிற தோல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அது எபினேசருடையது.

அவருக்கும் குறைந்துகொண்டுதான் வந்தது. நாலு வரி இரண்டு வரியானது, இரண்டு வரி ஒன்றானது. ஒரு நாள் பெல்ட் ஒன்றை முடிக்கும்போது, அது நேராக வந்திருப்பதை அவர் கையே உணர்ந்தது. மின்கம்பத்தில் கால் வழுக்கினவன் போல அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குத்தூசியை எடுத்து, நேராக வந்த தையலுக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு ஓட்டையைத் தள்ளிக் குத்தினார். நனைத்தார். ‘இங்க பாருங்க, நடுவுல ஒரு ஓட்டை விலகியிருக்கு. முதல்ல கோடு கிழிச்சுட்டுக் குத்துங்க.’

அதிலிருந்து அவர் தெரிந்தே கெடுத்தார். நூலைக் குறைவாக எடுத்தார், பசையை வாரிப் பூசினார், பட்டையை வயிற்றுப் பக்கத்தில் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நனைத்துவைக்கிற துண்டைச் சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றார்கள். டீச்சரின் எழுத்தைப் பார்ப்பதற்காகவே மாதனூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பழைய மாணவர்கள் வந்தார்கள், படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். மும்தாஜ் மட்டும் எழுத்தைப் பார்க்காமல் தையலைப் பார்த்தாள். பதினொன்று நேராக வந்து பன்னிரண்டாவது மட்டும் எப்படி சார் கோணும் என்று கேட்டாள். கண் மங்கிவிட்டது என்றார் அவர். சொட்டு மருந்து தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றார். 

கோதண்டத்தின் மனைவி நாகரத்தினம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். மூன்று வயதில் போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி ஓடுகிற காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள், கம்பியைக் காலோடு சேர்த்துப் பிடிப்பவை தோல் பட்டைகள். கடையில் வாங்குகிற பட்டை தொடையை அறுத்துக் கொப்புளம் போடும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை டீச்சர்தான் புதிதாகச் செய்து கொடுத்துவந்தார். இந்த வருஷம் அதற்காக மும்தாஜ் மூன்று மாதம் சொல்லிவைத்து, ஆவாரம்பட்டையில் பதனிட்ட நல்ல முதுகுத்தோல் ஒன்றை வாங்கி வந்திருந்தாள், தழும்பு கிடையாது, தடிப்பாகவும் இருந்தது, கையில் எடுத்தால் வழுவழுவென்று மடங்கியது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, துணிமேல் நாகரத்தினம் என்று சாக்பீஸால் எழுதி, அறையின் அலமாரியில் வைத்திருந்தார்கள். தைப் பொங்கல் கழித்து டாக்டர் செய்வதாகப் பேச்சு.

அந்த நாட்களில் எபினேசருக்கு வந்த எழுத்துகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தன. அதே ஓட்டை, அதே கோடு. மட்டமான துண்டுகளில் வேலை செய்வதால்தான் இப்படி, நல்ல தோலாக இருந்தால் அவள் இன்னும் கூடப் பேசுவாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, தோன்றியது நம்பிக்கையாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் சாவி வாங்கிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தார். துணிமேல் இருந்த பேரைப் படித்தார். இன்னொரு தோல் கிடைக்காமலா போய்விடும் என்று சொல்லிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்து, அதன் நட்டநடுவில், குறுக்காக, கோணலாக, எவ்வளவு தப்பாக முடியுமோ அவ்வளவு தப்பாக வெட்டினார். பிறகு நனைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வழக்கத்தைவிட நேரமாயிற்று. எழும்பியபோது எழுத்துகள் ஆழமாக விழுந்திருந்தன, கரும்பலகையில் கோபத்தோடு எழுதினால் சாக்பீஸ் உடைகிற மாதிரி.

‘இங்க பாருங்க, தெரிஞ்சே தப்பு பண்றீங்க. ஒரு மாடு ஒரு தடவைதான் தோல் கொடுக்கும்.’

அவர் அதைப் படித்துக்கொண்டே இருந்தார். அமிழ்ந்த பிறகும் படித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நாகரத்தினத்தின் பழைய பட்டை அங்கன்வாடி வாசல்படியில் அறுந்தது. கையில் இருந்த கஞ்சிப் பாத்திரத்தோடு விழுந்தாள். சூடு தெறித்தது பிள்ளைகள்மேல் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல், அவள் மணிக்கட்டு பிசகி வீங்கிவிட்டது, முழங்கை வரை கொப்புளம். வியாழக்கிழமை தோலை எடுக்கப் போன கோதண்டம் அலமாரியில் துணியை மட்டும் பார்த்துவிட்டு, சாவி வாங்கிப்போனது யாரென்று விசாரித்து, எபினேசர் வீட்டுக்கு வந்தார். மேஜைமேல் கிடந்ததை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் கத்துவார் என்று எபினேசர் எதிர்பார்த்தார், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

கோதண்டம் தோலைத் திரும்ப வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “டீச்சர் எழுத்தைப் பார்க்கணும்னு எனக்கும்தான் இருக்கு சார். ஆனா அவ நடக்கணும்.”

அவர் போன பிறகு எபினேசர் தோலின் முன்னால் குனிந்து நின்று அளவு டேப்பால் அளந்தார். வெட்டுக்கு இந்தப் பக்கம், முதுகெலும்பு ஓடின வரிசையில், ஒரு நீளம் தப்பியிருந்தது. தொடைக்கு ஒரு பட்டை, கெண்டைக்காலுக்கு ஒன்று. ஒரு நூலிழை தவறினாலும் இரண்டும் போய்விடும்.

அதை எடுத்துக்கொண்டு அவர் மும்தாஜின் கடைக்குப் போனார், டாக்டரையும் அங்கே வரவழைத்தார், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், இத்தனை நாளாக ஊரார் பார்த்து அழுத எழுத்துகளெல்லாம் தான் வேண்டுமென்றே கெடுத்து வாங்கினவை என்பதையும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் தோலுக்குக் கை நீட்டினார், நானே செய்துவிடுகிறேன் என்று. எபினேசர் தரவில்லை.  மும்தாஜ் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவரே பண்ணட்டும் டாக்டர். அவருக்கு வரும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கோதண்டத்திடமிருந்து காலிப்பரை வாங்கிக்கொண்டு வந்தார். மகளுக்குப் போன் செய்து, இன்றைக்குக் கூப்பிடாதே, வேலை இருக்கிறது என்றார். கத்தியைத் தீட்டினார். அறுந்த பட்டையைப் பிரித்துத் தாளில் வைத்துக் கோடு கிழித்தார், தாளைத் தோல்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். ஓரத்தைச் சீவினார், தொடையில் படுகிற பக்கத்தை இன்னும் சீவினார், தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சீவினார். சீவச் சீவ, இனி எதைச் செய்தாலும் சரியாகத்தான் வரும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் சீவுவதை நிறுத்தவில்லை. இரும்பின் வளைவுக்குப் பட்டை படிய வேண்டும் என்பதால் கடைசியில் தோலை நனைத்து, நிழலில், மேஜைமேல் வைத்தார்.

வாசலில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். பதினொன்றரை மணிக்குத் தோலின் நிறம் திரும்பத் தொடங்கியது.

‘இங்க பாருங்க’ என்று எழும்பியது.

அடுத்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். நிறம் ஓரங்களிலிருந்து உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. சொல்வதற்குத் தோலில் ஒன்றும் இல்லை, கூப்பிட்டது மட்டும் இருந்தது, பின்கட்டிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, சந்தைக்கு நடுவில் கூப்பிடுகிற மாதிரி. அமிழும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குள் தோல் விறைத்துவிடும், இரும்பில் படியாது, மறுபடி நனைத்தால் முதல் தடவைபோல வளையாது. இதெல்லாம் அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

பட்டையைத் தூக்கி இரும்பின் வளைவில் வைத்தார். எழுத்து மேலே தெரிந்தது. இரண்டு கட்டைவிரலையும் அதன்மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தி அழுத்தித் தேய்த்தார். விரலை எடுத்தபோது தோல் வழவழவென்று இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்தத் தோலிலும் எழுத்து எழும்பியதில்லை.

சனிக்கிழமை காலை பட்டைகளைத் தைத்து முடித்துக் கோதண்டம் வீட்டுக்குப் போனார். நாகரத்தினம் கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்து, அவள் முக்காலிமேல் காலை நீட்ட, காலிப்பரைப் பொருத்திப் பக்கிளை மாட்டினார். கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெத்துன்னு இருக்குதுண்ணா” என்றாள். “ஆனா இங்க ஒரு ஓட்டை கூடுதலா வேணும். டீச்சர் போடுவாங்க. சாயங்காலம் ஆனா கால் வீங்கிக்கும், அப்போ தளர்த்திக்கறதுக்கு.”

அவருக்கு அது தெரியாது. அத்தனை தோலிலும் அது வந்ததில்லை. டீச்சர் இங்கே நேரில் வருவாரா என்று கேட்டார்.

“வருஷா வருஷம் வருவாங்களே. நீங்க உக்காந்திருக்கற அதே எடத்துலதான். காலை மடியில எடுத்து வச்சுக்குவாங்க. ஓட்டை போட்டுட்டு உடனே போக மாட்டாங்க, சாயங்காலம் வரைக்கும் இருந்து, வீங்கின பிறகு ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டுத்தான் போவாங்க. அதுவரைக்கும் பேசிக்கினே இருப்போம்.”

என்ன பேசுவீர்கள் என்று அவர் கேட்டார். நாகரத்தினம் கோதண்டத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எல்லாம்தான், உங்களைப் பத்திக்கூட என்றாள். கோதண்டம் உள்ளே போய்க் காப்பி போடத் தண்ணீர் வைத்தார்.

எபினேசர் பட்டையைக் கழற்றி மரக்கட்டைமேல் வைத்து, அவள் விரல் காட்டிய இடத்தில் குறி வைத்து, உளியை நிறுத்தி ஒரே அடியில் ஓட்டையைப் போட்டார். பிறகு அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டார், தனக்குத் தெரிந்த பியூலாவையும் தெரியாத பியூலாவையும் கேட்டார். ஐந்து மணிக்கு நாகரத்தினம் எழுந்து தெருக்குழாய் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். கால் வீங்கியிருந்தது. ஓட்டை சரியாக இருந்தது.